ஜோகன்னஸ்பர்கில் ஒரே ஒரு சனிக்கிழமை: போராட்டப் புகைப்படங்களை எங்கே, எப்படிப் பார்ப்பது?

பஞ்சாலைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் பஞ்சாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. மூன்று வாரம் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் போ என்று அனுப்பிவிட்டார்கள். பள்ளி லீவு என்பதால் கடைசி வாரம் மனைவியும் மகளும் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையைச் சிங்கம் பார்ப்பதற்கென்று மகள் முன்பே எடுத்துக்கொண்டாள். எனக்கு மிச்சம் ஒரு சனிக்கிழமை.

இங்கே இரண்டு இடம் சொல்கிறார்கள். ஒன்று, இனம் பிரித்து ஆண்ட வெள்ளையர் ஆட்சியைப் பற்றிய நிறவெறி அருங்காட்சியகம், இன்னொன்று ஊரை ஒட்டி கறுப்பின மக்கள் வாழும் சொவேட்டோவில் இருக்கும் ஹெக்டர் பீட்டர்சன் அருங்காட்சியகம். இரண்டிலும் சுவர் முழுக்க போராட்டக் காலப் புகைப்படங்கள்தானாம். ஒரு நாளில் இரண்டும் முடியுமா, இல்லை ஒன்றுதான் என்றால் எது?

உண்மையான கேள்வி அடுத்ததுதான். மகளுக்கு 12 வயது. 1976இல் போலீஸ் சுட்டுக் கொன்ற அந்தப் பையன் ஹெக்டருக்கும் 12. நேற்று ராத்திரி அந்தப் படத்தை மொபைலில் திறந்தேன், ஒருவன் அவனைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடிவருகிற படம், பெரிதாக்கக்கூட இல்லை, உடனே மூடிவிட்டேன். இதை அவளுக்குக் காட்டலாமா?

அப்புறம் எனக்குப் புகைப்படம் பார்க்கத் தெரியாது. கல்யாண ஆல்பம் புரட்டுவது மாதிரி நடந்துபோய் மறுபக்கம் வெளியே வந்து காபி குடித்துவிடுகிற ஆள் நான். அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜோபர்க்வாசி எழுதியது:

பதினோரு வருடமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்த இரண்டு இடத்துக்கும் ஓட்டுநர் நான்தான். காலையில் சொவேட்டோ, மதியத்துக்கு மேல் நிறவெறி அருங்காட்சியகம் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் முடியும். மாற்றிப் போகாதீர்கள். பெரிய அருங்காட்சியகத்தைச் சரியாகப் பார்க்க மூன்று மணி நேரம் ஆகும், அதை முடித்துவிட்டு வந்தால் சொவேட்டோவில் காரை விட்டு இறங்கவே மனசு வராது.

பெரியது 2001இல் திறந்தது. பக்கத்திலேயே ராட்டினமும் சூதாட்ட விடுதியும் இருக்கும், தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று திகைக்காதீர்கள். அந்தச் சூதாட்ட விடுதிக்கு உரிமம் வாங்கும்போது சமூகத்துக்கு ஏதாவது கட்டித்தருகிறோம் என்று ஒப்புக்கொண்டதால் வந்ததுதான் அருங்காட்சியகம். அதைக் கட்டிக்கொடுத்த குடும்பம் ஒரு காலத்தில் தோலை வெளுப்பாக்கும் கிரீம் விற்றுச் சம்பாதித்த குடும்பம். இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை, இந்த ஊர்க்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

டிக்கெட் வாங்கும்போது கவனியுங்கள். சீட்டில் 'வெள்ளையர்' அல்லது 'வெள்ளையர் அல்லாதவர்' என்று அச்சாகியிருக்கும். உங்கள் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, கைக்கு வந்ததுதான். இரண்டு சீட்டுக்கும் இரண்டு வாசல். குடும்பம் பிரியக்கூடும், மகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் அல்லது சொல்லாமலே விடுங்கள், உங்கள் இஷ்டம். 11 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அவர்களே சொல்கிறார்கள், நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் கூரையிலிருந்து தூக்குக் கயிறுகள் தொங்கும் அறை ஒன்று உண்டு, தூக்கிலிடப்பட்ட அரசியல் கைதிகளுக்காக. அங்கே நீங்கள் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிடுங்கள்.

சொவேட்டோவில் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் போதும். பக்கத்திலேயே விலகாசி தெரு, மண்டேலா வீடும் பேராயர் டூட்டு வீடும் அங்கேதான். பசித்தால் 'கோட்டா' கேளுங்கள். கால் ரொட்டியை நடுவில் குடைந்து உருளைக்கிழங்கு சிப்ஸ் எல்லாம் திணித்து, மேலே மாங்காய் ஊறுகாய். ஊறுகாயை இங்கேயும் 'ஆச்சார்' என்றுதான் சொல்கிறார்கள்.

நெகட்டிவ் எழுதியது:

எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மதுரையில் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன், இப்போது கல்யாணம் காதுகுத்து. எல்லாப் படத்தையும் பார்க்காதீர்கள். ஒரு அறைக்கு ஒரு படம். அந்தப் படத்தின் முன் நின்று மூன்றே மூன்று கேள்வி: எடுத்தவன் எங்கே நின்றான், பிலிமை எப்படி வெளியே கொண்டுபோனான், எடுத்த பிறகு படத்தில் உள்ளவர்களுக்கும் அவனுக்கும் என்ன ஆனது. மூன்றாவது கேள்விக்குச் சுவரில் சாதாரணமாகப் பதில் இருக்காது, நீங்களாகத் தேட வேண்டும்.

நீங்கள் மொபைலை மூடிய அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். எடுத்தவர் சாம் என்சிமா. கறுப்பின வாசகர்களுக்காக வந்துகொண்டிருந்த 'தி வேர்ல்ட்' என்ற பத்திரிகையின் புகைப்படக்காரர். 1976 ஜூன் 16. பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம், போலீஸ் சுடுகிறது, ஒரு பையன் விழுகிறான். ஓவரால் போட்ட பதினெட்டு வயது இளைஞன் ம்புயிசா மகுபோ அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். பக்கத்தில் சீருடையில், கையை விரித்தபடி ஓடிவருவது ஹெக்டரின் அக்கா ஆன்டோனெட். அவர்கள் எதிரே ஓடிவர என்சிமா வரிசையாக ஆறு படம் எடுத்தார். ஆறு. இன்று நாம் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும்போது மட்டும் அறுபது எடுக்கிறோம். அவர்கள் ஓடியது பத்திரிகைக்காரர்களின் காரை நோக்கி, நிருபர் சோஃபி டெமாவோடு வந்த கார் அது, அதில்தான் பையனைப் பக்கத்து கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் உயிர் போய்விட்டது.

என்சிமா அந்த ரோலைக் கழற்றி சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டார். போலீஸ் அவரைப் பிடித்து மற்ற பிலிமையெல்லாம் வெளிச்சத்தில் இழுத்து வீணாக்கியது, சாக்ஸில் இருந்தது தப்பித்தது. மறுநாள் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் அந்தப் படம்.

இனி மூன்றாவது கேள்வி. ம்புயிசாவைப் பாதுகாப்புப் போலீஸ் விடாமல் துரத்தியது, அவன் நாட்டை விட்டு ஓடினான். 1978இல் நைஜீரியாவிலிருந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அதோடு சரி. அந்தத் தாய் பிறகு, நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் முன் வந்து மகனைப் பற்றிப் பேசினார். ஒரு பையனைத் தூக்கியதைத் தவிர அவன் வேறு எதுவும் செய்யவில்லை. அக்கா ஆன்டோனெட் பல வருடம் இந்த அருங்காட்சியகத்திலேயே பார்வையாளர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார், தம்பியின் படத்தை அடுத்தவர்களுக்கு விளக்கிச் சொல்வதை ஒரு வேலையாகச் செய்வது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. என்சிமா மிரட்டல் தாங்காமல் வேலையை விட்டு லில்லிடேல் என்ற சொந்தக் கிராமத்துக்குப் போனார், அங்கேயும் வீட்டுக்காவல். பிழைப்புக்கு மதுக்கடை நடத்தினார். 'தி வேர்ல்ட்' பத்திரிகையையே 1977 அக்டோபரில் அரசு தடை செய்தது. படம் மட்டும் டி-சர்ட், சுவரொட்டி, கோப்பை என்று ஊர் சுற்றியது. அதன் உரிமை அவர் கைக்கு வந்தது 1998இல், எடுத்து 22 வருடம் கழித்து. 2018இல் இறந்தார்.

இன்னொன்று, இதை அங்கே போய் மறந்துவிடாதீர்கள். அன்றைக்கு முதலில் சுடப்பட்டது ஹெக்டர் இல்லை. ஹேஸ்டிங்ஸ் எண்ட்லோவு என்ற 15 வயதுப் பையனை அதற்கு முன்பே சுட்டார்கள். அங்கே கேமரா இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சுவரொட்டி எழுதியது:

நெகட்டிவ் சார் சொன்னதைப் படித்துக் கண் கலங்கியது உண்மை, ஆனாலும் எனக்கு இதில் ஒரு உறுத்தல் இருக்கிறது. சாகிற பிள்ளையின் படத்தை ஆளுயரத்துக்கு மாட்டிவைத்து அதன் முன் நின்று சுற்றுலாப் பயணிகள் செல்பி எடுக்கிறார்கள். ஐரோப்பாவில் ஒரு போராட்டப் புகைப்படக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். வாசலில் ஒயின் கொடுத்தார்கள். உள்ளே லத்தியடி. வெளியே வந்தவர்கள் 'காம்போசிஷன் அருமை' என்று பேசிக்கொண்டார்கள். அடி வாங்கியவனின் வலியில் இவர்களுக்குக் காம்போசிஷன்.

போராட்டம் என்றாலே ரத்தமும் கல்வீச்சும்தான் என்று இந்தப் படங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. டேவிட் கோல்ட்பிளாட் என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார், வெள்ளையர், அவரும் 2018இல்தான் போனார். சம்பவம் நடக்கிற இடத்துக்கு ஓடுவது தன் வேலை இல்லை என்று இருந்தவர். எண்பதுகளில் அவர் எடுத்த பேருந்துப் படங்களைத் தேடிப் பாருங்கள். கறுப்பினத் தொழிலாளர்களை நகரத்தில் குடியிருக்க விடாமல் தூரத்தில் ஒதுக்கிவைத்ததால், விடியற்காலை இரண்டரை மூன்று மணிக்கே எழுந்து பேருந்து ஏறி, நின்றுகொண்டும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டும் தூங்கியபடி வேலைக்குப் போவார்கள். திரும்பி வந்து சேர ராத்திரி ஆகிவிடும். அந்தப் படங்களில் ஒரு போலீஸ்காரன்கூட இல்லை. எனக்கு நிறவெறி என்றால் என்ன என்று புரிந்தது அதில்தான், துப்பாக்கியில் இல்லை.

அப்புறம் அந்தப் பெரிய அருங்காட்சியகத்தில் கதை எல்லா இனத்தவரும் ஓட்டுப்போட்ட 1994 தேர்தல், புதிய அரசியலமைப்பு என்று சுபமாக முடிகிறது. 2012இல் மரிகானா சுரங்கத்தில் சம்பள உயர்வு கேட்டவர்களில் 34 பேரைச் சுட்டுக் கொன்றது யாருடைய போலீஸ்? அந்தப் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவார்கள்?

நெகட்டிவ் எழுதியது:

சுவரொட்டி தம்பி, ஒயின் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் எடுக்கவே கூடாது, மாட்டவே கூடாது என்று போனால் லாபம் யாருக்கு? 1976இல் இதே கேள்வி சொவேட்டோவிலேயே வந்தது. எங்களைப் படம் எடுக்காதே, போலீஸ் அதை வைத்து எங்களை அடையாளம் கண்டுபிடிக்கும் என்று பிள்ளைகள் பீட்டர் மகுபானே என்ற கறுப்பினப் புகைப்படக்காரரைத் தடுத்தார்கள். அவர்கள் பயம் நியாயமானது. பதிவு இல்லாத போராட்டம் போராட்டமே இல்லை என்று வாதாடித்தான் அவர் எடுத்தார். சொல்வதற்கு அவருக்குத் தகுதி இருந்தது. 586 நாள் தனிமைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு ஐந்து வருடம் கேமராவையே தொடக் கூடாது என்று தடை. '76இல் போலீஸ் மூக்கை உடைத்தது. மேலே ஜோபர்க்வாசி கோட்டா ரொட்டி பற்றிச் சொன்னாரே, மகுபானே ஐம்பதுகளில் ஒரு வழக்கு விசாரணையைப் படமெடுக்க ரொட்டியை அப்படிக் குடைந்து உள்ளே கேமராவை வைத்துக்கொண்டு, தின்கிற மாதிரி நடித்துக்கொண்டே எடுத்தவர். ரொட்டி தீர்ந்ததும் பால் பாக்கெட்டுக்கு மாறினார்!

ஷார்ப்வில் என்ற ஊரில் கூடிய கூட்டத்தைப் போலீஸ் சுட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1960 மார்ச் 21, 69 பேர் செத்தார்கள். கூட்டம் தாக்க வந்தது, அதனால் சுட்டோம் என்றது போலீஸ். சுடும்போது அங்கே இருந்த ஒரே புகைப்படக்காரர் இயன் பெர்ரி. அவர் படங்களில் ஜனங்கள் போலீஸை நோக்கி வரவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். பிறகு நீதிமன்றத்தில் அந்தப் படங்கள் சாட்சியாக நின்றன. அங்கே யாரும் காம்போசிஷன் பற்றிப் பேசவில்லை.

கோல்ட்பிளாட் பற்றி மறுபேச்சு இல்லை. மரிகானா பற்றியும்.

டர்பன்காரன் எழுதியது:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பெரிய அருங்காட்சியகத்தில் எர்னஸ்ட் கோல் எடுத்த படங்கள் இருக்கும் அறையைத் தவறவிடாதீர்கள். அவர் பெயர் முதலில் கோலே. கறுப்பினத்தவராகப் பதிவாகியிருந்தால் பாஸ்புக் என்ற நடமாட்ட அனுமதிப் புத்தகம் இல்லாமல் தெருவில் நடக்க முடியாது, அதனால் பெயரைக் 'கோல்' என்று சுருக்கி, அதிகாரிகளை நம்பவைத்து 'கலர்டு', அதாவது கலப்பினத்தவர் என்ற வகைக்குள் மாறிக்கொண்டார். இங்கே தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள், நின்றால் கறுப்பர், விழுந்தால் வேறு என்று, அப்படி ஒரு பரிசோதனையை வைத்து மனிதனைத் தரம் பிரித்த காலம். அப்படி மாறியதால்தான் அவரால் கேமராவோடு ஓரளவு தடையில்லாமல் நடமாட முடிந்தது. சுரங்க வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஆண்களை வரிசையாக நிர்வாணமாகச் சுவரைப் பார்த்துக் கையைத் தூக்கி நிற்கவைத்திருக்கும் ஒரு படம், ஒருமுறை பார்த்தால் மறக்காது. 1966இல் நாட்டை விட்டுப் போனார், அடுத்த வருடம் நியூயார்க்கில் அவர் புத்தகம் வந்தது, இங்கே அதற்குத் தடை. திரும்பி வரவே இல்லை. மண்டேலா விடுதலையான அடுத்த வாரம் நியூயார்க்கில் இறந்தார். தொலைந்துபோனது என்று எல்லோரும் நினைத்திருந்த அவருடைய நெகட்டிவ்கள் அறுபதாயிரத்துக்கு மேல், 2017இல் ஸ்வீடனில் ஒரு வங்கியின் பெட்டகத்திலிருந்து வந்தன. அங்கே யார் வைத்தது என்ற கேள்வி வேறு கதை.

ஹெக்டரின் குடும்பப் பெயரும் பீட்டர்சன் இல்லை, தெரியுமா? பிட்சோ. 'கலர்டு' என்று பதிந்துகொண்டால் கொஞ்சம் நல்ல வாழ்க்கை கிடைக்கும் என்று வீட்டில் மாற்றிக்கொண்ட பெயர். படம் எடுத்த ஒருவர், படத்தில் செத்துக்கிடக்கும் ஒரு பிள்ளை, இரண்டு பேருமே மாற்றிய பெயரோடு வரலாற்றில் நிற்கிறார்கள்.

அடுத்த முறை டர்பனுக்கு வாருங்கள். நம் ஆட்கள் 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கு வந்திறங்கிய ஊர். 1946இல் இந்தியர்களுக்கு எதிரான நிலச் சட்டத்தை எதிர்த்து டாக்டர் ஜி. எம். நாயக்கர் போன்றவர்கள் முன்நின்று நடத்திய மறியலில் இரண்டாயிரம் பேர் வரை சிறைக்குப் போனார்கள். அடுத்து வந்த காலத்தை ரஞ்சித் கல்லி என்பவரின் படங்களில் பார்க்கலாம். செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தவர், பழைய சாமான் விற்பனையில் ஆறு பென்ஸுக்கு ஒரு கோடாக் கேமரா வாங்கி ஆரம்பித்து, பின்னாளில் 'டிரம்' பத்திரிகைக்குப் போனார். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவராக இருந்த ஆல்பர்ட் லுத்துலியை அவர் எடுத்த படங்களில் அந்தத் தலைவர் யாரோ நம் பெரியப்பா மாதிரி இருப்பார்.

மலர் டீச்சர் எழுதியது:

மகளைப் பற்றிய கேள்விக்கு யாருமே சரியாகப் பதில் சொல்லவில்லை. ஆண்கள் கூடினால் கேமராதான்.

நான் எட்டாம் வகுப்பு எடுக்கிறவள். தாராளமாகக் கூட்டிப்போங்கள், ஆனால் அந்தப் படத்தில் ஆரம்பிக்காதீர்கள். அன்று காலையில் எடுத்த படங்களைத் தேடி முதலில் காட்டுங்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு, அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நம் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போகிற மாதிரி இருக்கும். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளையே படிக்கச் சொல்லுங்கள். 'ஆப்ரிக்கான்ஸ் நாசமாய்ப் போகட்டும்' என்று ஒன்றில் இருக்கும். ஏன் என்று கேட்பாள். ஆப்ரிக்கான்ஸ் அன்று ஆட்சியிலிருந்த வெள்ளையரின் மொழி. கணக்கும் சமூக அறிவியலும் இனி ஆப்ரிக்கான்ஸில்தான் என்று 1974இல் உத்தரவு போட்டார்கள், பிள்ளைகளுக்கு அது அரைகுறை, பல ஆசிரியர்களுக்கே அதில் பாடம் நடத்த வராது. நாளைக்கு அவளுடைய கணக்குப் புத்தகத்தை அவளுக்குப் புரியாத பாஷையில் கொடுத்து, அதிலேயே பரீட்சையும் எழுது என்றால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது துப்பாக்கியைவிடச் சீக்கிரம் புரியும். அதற்குப் பிறகு அந்தப் படம் வரட்டும். கண்ணை மூடிக்கொண்டால் மூடிக்கொள்ளட்டும், வற்புறுத்த வேண்டாம்.

இன்னொன்று, அவளுக்கு முன்னால் நீங்கள் அழுதால் தப்பில்லை. அவளைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி மொபைலில் எடுப்பது மட்டும் வேண்டாம்.

பஞ்சாலைக்காரன் எழுதியது:

போய்வந்துவிட்டோம். சிங்கமும் பார்த்தாயிற்று, அது தூங்கிக்கொண்டிருந்தது.

டீச்சரம்மா சொன்ன மாதிரியே காலைப் படங்களில் ஆரம்பித்தோம். ஒரு பெண்ணின் சடையைப் பார்த்து இப்படிப் போட்டுவிடச் சொல்லி மனைவியிடம் கேட்டாள், அந்த அளவுக்கு லேசாகத்தான் இருந்தாள். அந்தப் படத்தின் முன் கண்ணை மூடவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். படம் எடுத்தவர் ஏன் கேமராவைப் போட்டுவிட்டுத் தூக்கப் போகவில்லை என்று கேட்டாள். நெகட்டிவ் சார் எழுதிய கார் விஷயத்தைச் சொன்னேன். அரைகுறையாகத்தான் ஒப்புக்கொண்டாள். நானும் அரைகுறையாகத்தான் சொன்னேன். உள்ளே முற்றத்தில் இறந்துபோனவர்களின் பெயர் பொறித்த கற்கள் கிடக்கின்றன, அங்கே குனிந்து குனிந்து ஹேஸ்டிங்ஸ் பெயரைத் தேட ஆரம்பித்துவிட்டாள். நான் இரண்டாவது இடத்துக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினேன், அது தப்பு. பாதியில் எழுப்பிக் கூட்டிவந்துவிட்டேன்.

மதியம் பெரிய அருங்காட்சியகத்தில் எனக்கும் மனைவிக்கும் 'வெள்ளையர்' சீட்டு, அவளுக்கு மட்டும் 'வெள்ளையர் அல்லாதவர்'. நான் மாற்றித்தரக் கேட்கலாம் என்று திரும்பினேன், அதற்குள் அவள் அந்த வாசலில் நுழைந்துவிட்டாள். நடுவில் கம்பிக் கூண்டு, அதற்குள் பெரிதாக்கிய அடையாள அட்டைகள், அந்தப் பக்கம் அவள் தலை தெரிகிறது, மறைகிறது. சேர்கிற இடத்துக்கு வந்ததும் முதல் கேள்வி, நான் மட்டும் ஏன்? சீட்டில் அப்படி வந்துவிட்டது கண்ணு என்றேன். அதெல்லாம் ஒரு பதிலா என்றாள். எர்னஸ்ட் கோல் அறையில் அந்தச் சுரங்கப் படத்துக்கு முன்னால் சுவரொட்டி சொன்னதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, பார்க்கிற எனக்கே கூச்சமாக இருந்தது, அவர்களைக் கேட்டா மாட்டினார்கள் என்று. அதே நேரம் அது அங்கே இல்லாமல் போனால் நான் எதை நம்பியிருப்பேன் என்றும் தோன்றியது. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தூக்குக் கயிறு அறையை நான் மட்டும் பார்த்தேன்.

ஜோபர்க்வாசி அண்ணா, கோட்டா முக்கால்வாசி மகள்தான் தின்றாள். ஊறுகாய் நம் ஊர் ஆவக்காய்க்குக் கொஞ்சம் தூரத்து உறவு.

வண்டி ஓட்டி வந்தவர் சொவேட்டோக்காரர், ஐம்பது வயது இருக்கும். காலையில் வரும்போது எதுவும் பேசவில்லை. சொவேட்டோவிலிருந்து கிளம்பும்போது மகள் பின்சீட்டிலிருந்து, அந்தப் பேரைக் கடைசிவரை பார்க்க முடியவில்லை என்று முனகிக்கொண்டே வந்தாள். எந்தப் பேர் என்று அவர் கேட்டார். சொன்னோம். அவர் வழக்கமான வழியை விட்டு வேறு பக்கம் திருப்பி ஒரு சாதாரணப் பாலத்தின் மேல் போய் வேகத்தைக் குறைத்து, இந்தப் பாலத்துக்கு அவன் பெயர்தான் என்றார். பின்னால் வந்த மினிபஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.